சென்னியப்பனைத் தயார் செய்தல்

ஆகஸ்ட் 18, திங்கள்

இந்த டைரியை எழுத வேண்டியவள் நான் அல்ல. வேலை தேடுகிறவர் தன் முன்னேற்றத்தைத் தினமும் எழுதிவைக்க வேண்டும் என்று போன் வீடியோவில் கோட்டு போட்ட ஒருவர் பேசினாராம். மகள் தாரணி அதைக் கேட்டுவிட்டு வந்து அப்பாவின் கையில் டைரியைக் கொடுத்தாள். இவர் பேனாவைத் திறந்து, தேதி போட்டு, "இன்று ஒன்றுமில்லை" என்று எழுதி மூடிவிட்டார். இருபத்துநாலு வருடம் மில் டைம் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் வந்த நேரம், போன நேரமெல்லாம் எழுதிய கை அது. தன்னைப் பற்றி எழுதச் சொன்னால் அவ்வளவுதான் வருகிறது. "உன்ற கையெழுத்துத்தான் அழகு துளசி, நீயே எழுதீரு" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

ஆகவே இது என் வீட்டுக்காரரின் முன்னேற்ற அறிக்கை. பெயர் சென்னியப்பன். வயது நாற்பத்தொன்பது. ஊர் கோபி. மில்லை மூடி எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமாக இந்த வீட்டில் ஒரு பைசா வருமானம் இல்லை. ஆனால் முதல் ஷிப்டுக்கு எழுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. எழுந்து, குளித்து, சட்டையை பேண்டுக்குள் விட்டு, பெல்ட் போட்டு, பேக்கரிக்குப் போகிறார். அங்கே பழைய மில்காரர்களோடு உட்கார்ந்து, அடுத்து எந்த மில் மூடும் என்று பேசிவிட்டு வருகிறார். ஆபீசுக்குப் போகிறவர்கூட அவ்வளவு ஒழுங்காகப் போகமாட்டார்.

விஷயம் என்னவென்றால், என் தம்பி நடராஜ் ஒரு இடம் சொல்லியிருக்கிறான். சத்தியமங்கலம் ரோட்டில் ஹாஸ்டலோடு ஒரு தனியார் பள்ளிக்கூடம். சின்னப் பையன்களின் ஹாஸ்டலுக்கு வார்டன் வேண்டுமாம். செப்டம்பர் நான்காம் தேதி இன்டர்வியூ. இவர் ஆயுசில் இன்டர்வியூ பார்த்ததில்லை. மில்லில் சேர்ந்தபோது என் மாமனார் கூட்டிக்கொண்டு போய் முதலாளி முன்னால் நிறுத்தினார். முதலாளி ஏறிட்டுப் பார்த்து, "நாளைக்கு வரச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

தாரணிக்கு இந்த செமஸ்டர் பணம் கட்டியாயிற்று. எப்படியோ புரண்டு வந்துவிடுகிறது. ஆவணி பிறந்துவிட்டதால் கல்யாண ஜாக்கெட் துணிகள் குவிந்து கிடக்கின்றன. இருட்டுவதற்குள் ஏழு உருப்படி முடித்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பயிற்சி ஆரம்பம். ஆபீசர் நான். தாரணி போனில் பார்த்துக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டேன், கைக்கு ஓரம் அடிக்க வேண்டியிருந்தது. இவர் எதிரில் கைகட்டி நின்றார்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"என்னத்தைங்க சொல்றது."

"பழைய வேலையை ஏன் உட்டீங்க?"

"நான் உடலீங்க. மில்லுதான் என்னைய உட்டுட்டுப் போயிருச்சு."

"உங்க பலம் என்ன?"

"அதை மத்தவங்கதானுங்க சொல்லோணும்."

"பலவீனம்?"

இதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை. "முழங்காலுங்க. மாடி ஏறுனா புடிச்சுக்குது."

தாரணி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பலவீனத்தைக் கேட்டால் பலவீனம் மாதிரித் தெரிகிற ஒரு பலத்தைச் சொல்ல வேண்டுமாம். "ரொம்ப உழைப்பேன், அதான் என்ற பலவீனம்னு சொல்லுப்பா" என்றாள். இவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. "அதெப்படிச் சொல்றது, கூச்சமா இருக்காதா" என்றார். தன்னைப் புகழ்ந்து இரண்டு வார்த்தை பேசத் தெரியாத ஒரு மனிதருக்கு என்னைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அதே கேள்விகள். அதே முழங்கால்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடராஜ் வந்தான். அவன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், ஆகையால் எல்லாம் தெரியும். வரும்போதே ஒரு டை கொண்டுவந்தான். இவர் கழுத்தில் மாட்டிவிட்டு, கண்ணாடி முன்னால் நிறுத்தி, "மாமா, உங்களையே பாத்துச் சொல்லுங்க. நான் ஒரு லீடர்" என்றான்.

இவர் கண்ணாடியை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார். "லீடர்னா யூனியன் லீடருங்களா? அப்படிச் சொன்னா வேலை குடுப்பாங்களா நடராஜு? மில்லுல அவங்களைத்தான் மொதல்ல வெளிய அனுப்புனாங்க."

நடராஜ், "பாசிட்டிவா இருங்க மாமா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தேன். இரண்டாம் முறை சோறு வாங்கும்போது பாசிட்டிவாகத்தான் இருந்தான். இவர் பாதித் தட்டிலேயே கை கழுவிவிட்டார். கொஞ்ச நாளாக இப்படித்தான். இட்லி இரண்டோடு போதும் என்கிறார், கறி வைத்தால் பசியில்லை என்கிறார். வேலை இல்லாதவன் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது என்று இவருக்கு யார் சொன்னார்களோ. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போகிற போக்கில் நடராஜ் ஒரு பையை நீட்டினான். உள்ளே அவன் பெண்டாட்டியின் ஜாக்கெட் துணிகள், பட்டு. "அக்கா, நீ சும்மாதானே இருக்கறே, புதன்கிழமைக்குள்ள வேணும்னு சொன்னா. கல்யாணத்துக்குப் போகோணும்." வாங்கி வைத்தேன். தம்பி பெண்டாட்டிக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு கிளறிக்கொண்டிருந்தபோது சாமி அறையில் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இவர் களிமண் பிள்ளையாருக்கு முன்னால் விறைப்பாக நின்று, "என் பெயர் சென்னியப்பன். எனக்கு இருபத்துநான்கு ஆண்டு அனுபவம் உண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரல் நன்றாகவே இருந்தது. பிள்ளையார் எதிர்க்கேள்வி கேட்கவில்லை, ஆகவே தடுமாற்றமும் இல்லை.

நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. பிறகு அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் சிரிப்பு வராமலும் இருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

இன்று சம்பளக் கேள்வி. இதில்தான் என் பொறுமை போயிற்று.

"என்ன சம்பளம் எதிர்பாக்கறீங்க?"

"நீங்க பாத்துப் போட்டுக் குடுங்க."

மெஷினை நிறுத்திவிட்டேன். இருபத்துநாலு வருடமும் மில்லில் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார். முதலாளியும் ஒவ்வொரு வருடமும் பார்த்தார். பார்த்துப் பார்த்து அவர் இரண்டு கார் வாங்கினார், பெண்ணுக்குக் கல்யாண மண்டபம் கட்டினார், கடைசியில் மில்லைப் பூட்டிக்கொண்டு போனார். "அந்த மனுசன் எதைப் பாத்தார்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை" என்றேன். "உங்க உழைப்புக்கு என்ன விலைன்னு உங்களுக்கே தெரியலைன்னா, எதுத்தாப்பல இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்? வாயைத் தொறந்து ஒரு தொகையைச் சொல்லுங்க."

ஒரு தொகையை நானே முடிவு செய்து கொடுத்தேன். அதைச் சொல்ல இவர் பட்ட பாடு. திருடியதை ஒப்புக்கொள்கிறவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தார். நிமிர்ந்து சொல்லச் சொன்னேன். நிமிர்ந்தார், சத்தம் போய்விட்டது. சத்தமாகச் சொல்லச் சொன்னேன், மறுபடி குனிந்துவிட்டார். ஒருவழியாக நிமிர்ந்து, சத்தமாக, என் முகத்தைப் பார்த்துச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்து முடித்துவிட்டேன்.

நடுவில் மேற்கு வீட்டு ருக்மணியக்கா வந்து தன் துணிகளை வாங்கிக்கொண்டு போனார். எவ்வளவு துளசி என்று கேட்டார். "நீங்க பாத்துக் குடுங்கக்கா, தெரியாதவங்களா" என்றேன். அவரும் பார்த்துத்தான் கொடுத்தார்.

தாரணி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். எதற்குச் சிரித்தாள் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

சட்டை இஸ்திரி. பேண்ட் இடுப்பைப் பிடித்துத் தைத்தேன், இளைத்திருக்கிறார். டை வேண்டாம் என்று முடிவு. டை கட்டினால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்புகிறார்.

கேஸ் சிலிண்டர் வந்தது, பணம் கொடுத்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் விபூதி பூசி அனுப்பினேன். "பத்தரமாப் போய்ட்டு வாங்க, உக்காந்து பேசுங்க, தொகையைச் சொல்லுங்க" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போனார். அவர் போனதும் நான் தைத்த முதல் ஜாக்கெட்டில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்திருந்தேன். பிரித்தேன். மறுபடி அதே மாதிரி வைத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னாச்சுங்க?"

"ஆச்சு."

"என்ன கேட்டாங்க?"

"எல்லாந்தான் கேட்டாங்க."

"உக்காந்துதானே பேசுனீங்க?"

"உக்காரச் சொல்லலையே."

அரைமணி நேரம் நின்றிருக்கிறார். பள்ளிக்கூடத் தாளாளர் ஒருவர், பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒரு ஆபீஸ் பெண். முன்னால் காலி நாற்காலி ஒன்று இருந்ததாம். உட்காரச் சொல்ல அவர்கள் மறந்துவிட்டார்கள். உட்கார இவருக்கு மனம் வரவில்லை. முழங்காலை என்ன செய்தார் என்று கேட்டேன். "மாத்தி மாத்தி நின்னேன்" என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்துக்கொள்வதற்குள் மீதியையும் சொன்னார். தாளாளருக்கு இவரை ரொம்பப் பிடித்துவிட்டதாம். "இந்தக் காலத்துல இப்படி அடக்கமான ஆளைப் பாக்கவே முடியறதில்லை" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாராம். இரண்டு வாரம் நான் மிதித்து மிதித்துக் கற்றுக்கொடுத்த பதில்களெல்லாம் வீண். இவர் கற்றுக்கொள்ளாமல் விட்டதைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"சம்பளம் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"எவ்வளவு சொன்னீங்க?"

நான் சொல்லிக்கொடுத்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. "பெரிய மனுசன் மூஞ்சியைப் பாத்தா வாய்ல அவ்வளவு பெரிய தொகை வரமாட்டேங்குது துளசி" என்றார். அந்தத் தொகைக்கு அவர்கள் உடனே சரி என்றார்களாம். உடனே சரி என்றால் இன்னும் கேட்டிருக்கலாம் என்று அர்த்தம். அதை இவரிடம் சொல்லவில்லை.

பிறகுதான் ஒன்றை மெதுவாக இறக்கினார். வார்டன் வேலையைத் தனி ஆளுக்குக் கொடுப்பதில்லையாம். தம்பதியாகத்தான் எடுப்பார்களாம். அங்கேயே வீடு, சாப்பாடு. அடுத்த வியாழக்கிழமை சம்சாரத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"என்னையா? நான் எதுக்கு?"

"சும்மா பாக்கறதுக்குத்தான். நீ தெப்பேன்னு சொன்னேன், ரொம்ப சந்தோசப்பட்டாங்க."

செப்டம்பர் 5, வெள்ளி

இன்று ஆபீசர் தாரணி. காலேஜ் விட்டு வந்ததும் பையைக்கூட வைக்காமல் என் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க மேடம்."

"பேரு துளசிமணி. வீட்டுக்காரர் மில்லுல டைம் ஆபீசுல இருந்தார். நல்ல மனுசன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஒரே பொண்ணு, காலேஜுல ரெண்டாவது வருசம் படிக்குது."

"ம்மா, உன்னைப் பத்தி."

"அதான் சொன்னேனே."

"நீ அப்பாவைப் பத்திச் சொன்னே, என்னைப் பத்திச் சொன்னே. உன்னைப் பத்திச் சொல்லு. நீ என்ன பண்றே?"

"நான் சும்மா வீட்லதானே இருக்கறேன்."

தாரணி என்னை, மெஷினை, தரையில் கட்டிக் கட்டிக் கிடந்த துணி மூட்டைகளை, திரும்ப என்னைப் பார்த்தாள். "அப்பாவே தேவலை" என்றாள். பெற்றவளிடம் பேசுகிற பேச்சா. பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். பால் பொங்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

இவர் உற்சாகமாக இருக்கிறார். மூன்றாவது இட்லி சாப்பிட்டார். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன். இந்த வேலை கிடைத்தால் போதும், வேறெதுவும் கேட்கமாட்டேன் என்று மாரியம்மனுக்குக் காசு முடிந்துவைத்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் இவர் இன்னொரு தடவை எங்கேயும் போய் நிற்கமாட்டார். பேக்கரியிலேயே உட்கார்ந்து கிழவனாகிவிடுவார். அந்தப் பயம் எனக்கு நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது.

சாப்பிட்டுக்கொண்டே, அங்கே எதை எடுத்துப் போவது, எதை விடுவது என்று பேசினார். பீரோ வேண்டாம், கட்டில் அவர்களே தருகிறார்கள். "மெஷினைக் குடுத்தறலாமா? அங்க எடமிருக்காது. ஒனக்கும் ஓய்வாகும்" என்றார்.

எனக்கு அவர் மேல் சட்டென்று கோபம் வந்தது. சட்னி ஊற்றுகிற கரண்டியைத் தட்டில் டங்கென்று வைத்தேன். ஏன் அவ்வளவு கோபம் என்று எனக்கே விளங்கவில்லை. மனிதர் நல்லதைத்தானே சொன்னார்.

துணி கொடுத்தவர்களிடம் இனிமேல் வாங்கமாட்டேன் என்று சொல்ல வேண்டும். இன்று யாரிடமும் சொல்லவில்லை. புதிதாக ஐந்து வாங்கிவைத்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பச்சைச் சுங்குடிப் புடவை கட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடம் பெரியது. வாசலில் குதிரை பொம்மை, உள்ளே செயற்கைப் புல். தாளாளர் அறையில் ஏசி. என்னை உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். பக்கத்தில் இவருக்கும் ஒரு நாற்காலி இருந்தது. நான் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகு உட்கார்ந்தார்.

தாளாளர் வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, சிரித்த முகம். "உங்களைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றார்.

இரண்டு வாரம் ஆபீசராக இருந்தவள் நான். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். கடைசியில், "நான் சும்மா வீட்லதாங்க இருக்கறேன்" என்றேன்.

தாளாளர் முகம் மலர்ந்தது. "அதுதாங்கம்மா வேணும். வேலைக்குப் போற பொம்பளைங்க இங்க வந்தா நிக்கறதில்லை. உங்களுக்கு இங்க ஒரு வேலையும் கிடையாது. சும்மா கூட இருந்தாப் போதும்" என்றார். அப்புறம் சும்மா என்றால் என்னவென்று சொல்லிக்கொண்டு போனார். காலையில் ஐந்துக்கு எழுந்து பையன்களை எழுப்ப வேண்டும். சின்னவர்களைக் குளிப்பாட்டித் தலை சீவிவிட வேண்டும். சாப்பிடுகிற இடத்தில் நிற்க வேண்டும். காய்ச்சல் வந்தவர்களோடு உட்கார வேண்டும். துணி துவைக்கப் போடுவதை எண்ணி வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்தால் சிரித்த முகமாகப் பேச வேண்டும். லீவு என்று தனியாக எதுவும் இல்லை, அதுதான் ஒரு வேலையும் இல்லையே.

நான் எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றேன். பக்கத்தில் இவர் ஒவ்வொரு சரிங்கவுக்கும் என்னோடு சேர்ந்து தலையாட்டினார். கிடைத்துவிட்டது என்று எனக்கே தோன்றிவிட்டது.

"அப்பறம் நீங்க தெப்பீங்களாமே" என்றார் தாளாளர். "ரொம்ப நல்லதாப் போச்சு. இந்தப் பசங்க டவுசரைக் கிழிச்சுட்டே இருப்பானுங்க, பட்டன் நிக்காது. டெய்லர்கிட்டக் குடுத்துக் கட்டுபடியாகலை. அதையெல்லாம் நீங்களே பாத்துக்கலாம். யூனிஃபார்மும் மொத்தமாத் துணி எடுத்துக் குடுத்தர்றோம்."

"உருப்படிக்கு எவ்வளவுங்க குடுப்பீங்க?" என்றேன்.

நான் யோசித்துக் கேட்கவில்லை. யூனிஃபார்ம், மொத்தமாக என்று காதில் விழுந்ததும் வாய் தானாகக் கேட்டுவிட்டது. துணி கொண்டுவருகிற புது ஆளிடம் நான் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

தாளாளர் சிரித்தார். "உருப்படிக்கா? அம்மா, நம்ம கொழந்தைங்கம்மா" என்றார். பிறகு இவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "சரி, சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன். ஜாக்கெட் தெச்சு மாசம் என்னதான் வந்துரும் உங்களுக்கு?" என்றார்.

அதுவரை யாரும் என்னை அதைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. காலையில் வருவது மதியம் மளிகைக்குப் போகும், சாயங்காலம் வருவது தாரணி பஸ்ஸுக்குப் போகும். சேர்த்துவைத்துப் பார்த்தால்தானே தெரியும். அந்த ஏசி அறையில் உட்கார்ந்து ஒரு வாரத்துக்கு எத்தனை என்று நினைத்துப் பார்த்தேன். லைனிங் வைத்தது, வைக்காதது, கல்யாணப் பட்டு, பாவாடை, புடவைக்கு ஓரம். தம்பி பெண்டாட்டியுடையதைத் தள்ளினேன். ருக்மணியக்கா பார்த்துக் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டேன். மாதத்துக்குப் பெருக்கினேன். நான் தப்பாகப் பெருக்கிவிட்டேன் என்று நினைத்து மறுபடி பெருக்கினேன்.

தொகையைச் சொன்னேன். குனியவில்லை.

அது இவருக்கு அவர்கள் தருவதாகச் சொன்ன சம்பளத்தைவிட அதிகம். கொஞ்சம் அல்ல, நன்றாகவே அதிகம்.

தாளாளரின் சிரிப்பு அப்படியே நின்றது. ஆபீஸ் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இவரைப் பார்க்கப் பயந்துகொண்டு மேஜையைப் பார்த்தேன்.

"அதெல்லாம் கணக்குல வருங்களா" என்றார் தாளாளர் கடைசியில். "வீட்ல உக்காந்து பண்றது. இது நிறுவனம்மா." சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

வெளியே குதிரை பொம்மைக்குப் பக்கத்தில் வரும்போது அந்த ஆபீஸ் பெண் பின்னாலேயே வேகமாக வந்தாள். வேலை விஷயமாக ஏதோ சொல்லப்போகிறாள் என்று இவர் நிமிர்ந்து நின்றார். அவள் என் பக்கம் வந்து, "அக்கா, எனக்குத் தையில கல்யாணம். பின்கழுத்து டிசைன் வெச்சுத் தெப்பீங்களா? எவ்வளவு ஆகும்?" என்றாள். தொகையைச் சொன்னேன். பேரம் பேசாமல் போன் நம்பர் வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இவர். பாதி தூரம் வரை வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல" என்றார்.

"எனக்கே தெரியாதுங்க."

"நான் சேமிப்புல ஓடிட்டிருக்குதுன்னு நெனச்சேன்."

"எந்தச் சேமிப்புங்க?"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் நாலு வார்த்தை கேலியாகச் சொல்லியிருப்பேன். எட்டு மாதம் எங்கிருந்து சோறு வருகிறது என்று கேட்காமல் சாப்பிட்டவர் இவர். கேட்காமல் போட்டவள் நான். இதில் யாரைக் கேலி செய்வது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதற்கடியில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அவர் வேலையை நான் கெடுத்துவிட்டேன் என்ற பயம் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

இவர் பேக்கரிக்குப் போகவில்லை. என்னோடும் பேசவில்லை. முகூர்த்தத் துணி எட்டு உருப்படி.

செப்டம்பர் 13, சனி

பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானம் போன் வந்தது. இவர் எழுந்து நின்றுகொண்டு எடுத்தார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

பேசியது அங்கே மேனேஜராம். தாளாளர் பெரிய மனசு பண்ணிவிட்டாராம். வேலை இவருக்குத்தான், திங்கட்கிழமையே வந்து சேரலாம். "ஒண்ணே ஒண்ணு சார். அம்மா அந்த உருப்படி, கணக்கு, அதெல்லாம் இங்க வந்து பேச வேண்டாம்னு அய்யா சொல்லச் சொன்னாங்க. அவங்க சும்மா கூட வந்தாப் போதும்."

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நூல் உள்ளே போகவில்லை. வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள் என்று என் மனம் சொன்னது. அந்த மூன்றாவது இட்லிக்காக நான் அங்கே போய் ஆயிரம் பட்டன்கூடத் தைப்பேன். வாய் திறந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"நான் மட்டும் வந்தா ஆகுங்களா?" என்று இவர் கேட்டார்.

"இல்லீங்க சார், தம்பதியாத்தான்."

"அவங்க சும்மா வரமாட்டாங்க. அவங்களுக்கு இங்க நெறையக் கெடக்குது."

"யோசிச்சுச் சொல்லுங்க சார். இந்த மாதிரி எடம் மறுபடி கெடைக்காது."

"வேண்டாங்க" என்றார்.

அந்தப் பக்கம் இன்னும் பேசிக்கொண்டிருந்தபோதே இவர் போனை வைத்துவிட்டார். பெரிய மனிதர்கள் வைப்பதற்கு முன் இவர் போனை வைத்து நான் பார்த்ததில்லை. வைத்துவிட்டுப் பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். முகம் வெளிறியிருந்தது. செய்ததை அப்போதுதான் புரிந்துகொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் சோறு போட்டேன். சாப்பிட்டார். போதும் என்று சொல்லவில்லை, இன்னும் வேண்டும் என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நடராஜ் வந்து குதித்துவிட்டுப் போனான். தன் மானம் போய்விட்டதாம். தாளாளர் முகத்தில் எப்படி விழிப்பது என்றான். காபி கொடுத்தேன், குடித்துவிட்டு மீண்டும் குதித்தான். தாரணிதான் அவனை வாசல் வரை கொண்டுபோய் விட்டாள்.

செப்டம்பர் 17, புதன்

இவர் தானாகவே ஒரு இடம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். கவுந்தப்பாடியில் ஒரு வெல்ல மண்டி, எடை போடுகிற இடத்தில் கணக்கு எழுத ஆள் வேண்டுமாம். தம்பதியெல்லாம் வேண்டாம், ஒரு ஆள் போதும். சனிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பேக்கரியில் யாரோ சொன்னது என்றார். அந்த பேக்கரியால் இப்படியும் ஒரு பிரயோஜனம் இருந்திருக்கிறது.

புரட்டாசி பிறந்தும் ஒரு வீட்டில் நாளை மறுநாள் காலை முகூர்த்தம். பெண்ணின் ஜாக்கெட், பெண்ணின் அம்மா ஜாக்கெட், மூன்று சித்திகள், ஒரு அத்தை. அத்தை அளவு ஜாக்கெட் கொடுக்கும்போதே பழைய அளவு, உடம்பு கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று சொல்லியிருந்தாள். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லவில்லை. ஒரு பட்டுக்கு லைனிங் வெட்டி, தரையில் பரப்பி, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

இவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் எதிரில் போட்டார். இந்த முறை தானாக உட்கார்ந்தார். தாரணி எழுதிக்கொடுத்த பழைய தாளை நீட்டி, "கேள்வி கேக்கறியா துளசி? மறுபடி மொதல்லருந்து பாக்கலாம்" என்றார்.

நான் தலையை நிமிர்த்தவில்லை. கத்தரிக்கோல் பாதித் துணியில் இருந்தது.

"தாரணிகிட்டக் கேட்டுக்குங்க" என்றேன். "எனக்கு வேலை இருக்குது."